பானக் குளிர்பெட்டியில் ஒரு வேகமானி

மூன்றாவது பட்டறை இது என்றார் ஜமருத்தீன்.
முதலிரண்டும் தந்த ரசீதுகளை
நான்காய் மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.
இரண்டிலும் ஒரே வரி:
பிழை ஏதும் காணப்படவில்லை.

கேமரன் மலை, விடிகாலை, பதினான்கு பாகை.
சாவியைத் திருப்பினால்
எஞ்சின் ஓடுகிறது, முகப்பு மட்டும் இருட்டு.
வேக முள், எண்ணெய் முள், வெப்ப முள்
மூன்றும் படுத்துக் கிடக்கின்றன.
மலையிறங்கித் தாப்பாவைத் தாண்டியதும்
தானே விழித்துக்கொள்கிறது.
"வீட்டில் சொன்னேன், சிரித்தார்கள்.
படம் எடுத்திருக்கலாமே என்றான் மகன்.
வளைவில் வண்டி ஓட்டுவேனா,
படம் எடுப்பேனா, தங்கச்சி?"

காக்கி புக்கிட், இரண்டாம் மாடி.
வெளியே டிசம்பர் மழை.
இருபத்து நான்கு பாகைக்கே
ஜாக்கெட் மாட்டித் திரிகிறது ஊர்.
ஸ்கேனரைச் செருகினேன்: எல்லாம் பச்சை.
பேட்டரி, பன்னிரண்டு புள்ளி ஆறு.
ஒயர்க் கற்றையை உலுக்கினேன்,
ஃபியூஸ் ஒவ்வொன்றாய்ப் பிடுங்கிச் செருகினேன்,
ஏசியை முழுக்கத் திறந்து
முகப்பின் மேலேயே இருபது நிமிடம் ஊதவிட்டேன்.
பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்ததுபோல்
அத்தனை முள்ளும் அடக்கமாய் இருந்தன.

இந்தத் தீவில்
குளிரை எங்கே போய்க் கடன் வாங்க?

கீழே காக் ரொகாயாவின் பானக்கடை.
கண்ணாடிக் கதவுக் குளிர்பெட்டி.
இரண்டாம் தட்டில் சோயா டின்கள் இரண்டை அகற்றி
முகப்பை உறையிலிட்டு உள்ளே சாய்த்தேன்.
கதவு ரப்பரின் இடுக்கு வழியே
இரண்டு ஒயர், வெளியே பன்னிரண்டு வோல்ட்,
தெர்மாமீட்டர் ஒன்று.
"வெடிக்குமா?" என்றார் காக்.
"வெடித்தால் பெட்டி புதுசு" என்றேன்.
அவருக்கு அது பிடிக்கவில்லை.

சுண்ணாம்புப் பழ ஜூஸுக்கும் பார்லிக்கும் நடுவே
நீல விளக்கோடு ஒரு வேகமானி.
எங்கும் போகாத வண்டி.
உணவு கொண்டுபோகும் பையன் ஒருவன்
பார்லி கேட்டான், பொறுக்கச் சொன்னோம்.
தலைக்கவசத்தைக் கழற்றி அவனும் நின்றான்.
பதினாறு. பன்னிரண்டு.
ஜமருத்தீனின் உதடு ஓதுவதுபோல் அசைந்தது,
எதற்காக என்று நான் கேட்கவில்லை.
ஒன்பதில் ஒருமுறை கண் சிமிட்டியது.
ஏழில்
முள் விழுந்தது. விளக்குப் போனது.

"பார்த்தீங்களா!" என்று கத்தினார் மனிதர்,
காக்கைப் பார்த்து, பையனைப் பார்த்து,
யாருமில்லாத படிக்கட்டைப் பார்த்து.
தன் வண்டி செத்ததற்கு
இப்படிச் சந்தோஷப்பட்டவரை நான் கண்டதில்லை.

மேலே கொண்டுவந்து திறந்தேன்.
பூதக்கண்ணாடியில், இணைப்பான் காலைச் சுற்றி
மயிரிழை மோதிரம் ஒன்று, ஈயத்தில் விரிசல்.
வெக்கையில் விரிந்து தொட்டுக்கொள்ளும்,
குளிரில் சுருங்கி விலகும்.
ஊர் முழுக்க வெயிலாயிருந்தால்
ஆண்டுக்கணக்கில் யாருக்கும் தெரியாமலே
ஓட்டிவிடலாம்.
எனக்கும் அப்படிச் சில உண்டு,
அவற்றை மலைக்கு நான் கூட்டிப் போவதில்லை.

சூட்டுக்கோல் நுனி, துளி ஈயம்,
குங்கிலிய வாசத்தோடு மேலெழுந்த புகை.
மூன்று விநாடி வேலை.
மறுபடி குளிர்பெட்டி, அரைமணி நேரம்.
நான்கு பாகையிலும் நீலமாய் நின்றது.
பையன் எப்போதோ போயிருந்தான்,
பார்லியை வாங்காமலே.

ரசீதில் தொகைக்கு மேல்
அழுத்தமாய் எழுதினேன்: பிழை இருந்தது.
முத்திரை குத்தினேன்,
கேட்காமலே இன்னொரு முறை குத்தினேன்.
அதை அவர் மடிக்கவில்லை.
மை காயட்டும் என்று
பக்கத்து இருக்கையில் விரித்து வைத்துக்கொண்டு
மழைக்குள் இறங்கிப் போனார்.

என் கருவிப்பெட்டியின் மேல்
சோயா டின் இரண்டும்
வியர்த்து, உலர்ந்து, வெதுவெதுப்பாகியிருந்தன.
இரண்டுக்கும் காசு கேட்டார் காக்.
கொடுத்தேன்.